கைகள் கடைசியில்

மைசூரில் முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் பிறந்துவிட்டால், சரஸ்வதிபுரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நீச்சல்குளத்து வாசலில் சைக்கிள்கள் நிறையத் தொடங்கும். அண்ணனையும் என்னையும் அப்பா அங்கே சேர்த்ததற்குக் காரணம் பாலமுரி. கண்ணம்பாடி அணைக்குக் கீழே, காவிரி ஒரு தாழ்ந்த தடுப்பணையின் மேல் வழிந்து அகலமாகப் பரவி ஓடுகிற இடம் அது. பார்வைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான். காலை வைத்தால் பாசி வழுக்கும். அடுத்த அடியில் மடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மைசூர்க் குடும்பங்கள் அங்கே போகும். மூழ்கிப்போன கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் பேப்பரில் வந்துகொண்டே இருக்கும். அப்பா அதை எங்கள் காதில் விழும்படி வாசித்துவிட்டு, "நீந்தத் தெரியாம யாரும் ஆத்துல கால் வைக்கக் கூடாது" என்பார்.

அப்பாவுக்கு சி.எஃப்.டி.ஆர்.ஐ-யில் வேலை. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய அந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தை நம்பி மைசூருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ்; வாசற்படியைத் தாண்டினால் கன்னடம். சொந்த ஊர் முசிறி. அங்கே ஓடுவது அகண்ட காவிரி. எதிர்க்கரையில் குளித்தலை எங்கோ தூரத்தில் தெரியும். அப்பாயி அந்த ஆற்றில் வளர்ந்தவர். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஆடிப் புதுவெள்ளத்தில் நீந்தியதையெல்லாம் வெகு சாதாரணமாகச் சொல்வார். எனக்கு நீச்சல் உடை தைக்கக் கொடுத்தபோது, பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவில் ஒருவர் இழுத்தார். அப்பாயிதான் பதில் சொன்னார்: "ஆத்துக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? முழுகினா எல்லாரும்தான் முழுகணும்." அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. அரைக்கை வைத்து, இடுப்பைச் சுற்றிக் கொசுவம் வைத்துத் தைத்த கருநீல உடை வந்து சேர்ந்தது. நனைந்தால் அந்தக் கொசுவம் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அடுத்த ஆண்டு அம்மாவே உட்கார்ந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்.

ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மூன்றும் முதல் இரண்டு கோடைகளில் வந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற வழியில்தான் எனக்கும் வந்தன. பட்டர்ஃப்ளை மட்டும் கேட்டுக் கிடைப்பதில்லை. அதற்கு எங்கள் பயிற்சியாளர் சார் கூப்பிட வேண்டும். கோடைப் பயிற்சி முடிந்த பிறகும் காலை வகுப்புக்கு விடாமல் வருகிறவர்களில் சிலரை மட்டும் தனியாக நிறுத்துவார். அந்தச் சிலரில் ஒருத்தியாக நான் நின்றது 1996 ஜூன் மாதம்.

சார் உயரமானவர் அல்ல. கழுத்தில் விசில், கையில் நீண்ட மூங்கில் கழி, காலில் ரப்பர் செருப்பு. குளத்தின் ஓரத்தில் எங்களோடு சேர்ந்தே நடப்பார். யார் மூழ்கத் தொடங்கினாலும் கழியின் நுனி முதலில் அவர்களிடம் போய்ச் சேரும். அந்தக் கழியால் யாரையும் அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு ஃபைல் இருந்தது. செய்தித்தாள் துண்டுகள், கார்பன் பிரதிகள், கையால் வரைந்த படங்கள் எல்லாம் அதற்குள். 1986 சியோல் ஆசியப் போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் இந்தியாவுக்கு வெள்ளி கிடைத்த செய்தியை முதல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். நீச்சல் பந்தயங்களில் 1951-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசியப் பதக்கம் அது. "நம்ம நாட்டுக்கு நீச்சல்ல திரும்ப மரியாதை வாங்கிக் கொடுத்த ஸ்ட்ரோக் இதுதான்" என்று கன்னடத்தில் சொல்வார்.

முதல் நாள் எங்களுக்கு அவர் இட்ட கட்டளை, கைகளை அசைக்கக் கூடாது என்பது. "கை பேட, கை பேட" என்று கழியைத் தூக்கிக் காட்டுவார். பட்டர்ஃப்ளை என்றால் இரண்டு கைகளும் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து வீசுவதுதானே? அதற்காகத்தானே எல்லோரும் அதன் மேல் ஆசைப்படுகிறோம்? அந்த ஆசையை வாரக்கணக்கில் தள்ளி வைத்தார்.

தலைகுப்புற மிதக்க வேண்டும். கைகள் தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சை மட்டும் தண்ணீருக்குள் அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு விட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு தானாக மேலே வரப் பார்க்கும், கால்கள் தாழப் பார்க்கும். நெஞ்சைக் கீழே அழுத்தினால் இடுப்பு மேலே எழும். விட்டால் நெஞ்சு எழுந்து இடுப்பு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் தலையிலிருந்து கால் விரல் வரை ஓடினால் ஒரு உதைகூட இல்லாமலே உடம்பு மெல்ல முன்னால் நகரும். முதலில் எங்களில் யாரும் நகரவில்லை. முழங்காலை மடக்கி மடக்கித் தண்ணீரை அடித்தோம். சார் கழியின் நுனியை எங்கள் இடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதை இடுப்பால் தொடச் சொன்னார். குளத்தின் அடியில் வெயில் வலை பின்னிக்கொண்டிருக்கும்; அதைப் பார்த்தபடியே நெஞ்சை அழுத்துவேன். ஒரு நாள் முதுகில் கழி பட்டது. அடியில் இருந்த ஓடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கையும் காலும் சும்மா இருக்கும்போதே நகர முடிகிறது என்பது பத்து வயதில் எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அன்று இரவு படுக்கையில்கூட நெஞ்சை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது மல்லாந்த உதை. கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கைகளைப் பூட்டிக்கொண்டு, மல்லாந்தபடி இரு கால்களையும் சேர்த்து உதைக்க வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறும்; அதற்கு மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றை விட்டுக்கொண்டே இருக்கப் பழகினோம். குளத்துக்குப் பக்கத்திலேயே குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்புகிற கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் எங்கள் தலைக்கு மேலாகப் போகும். மல்லாந்த உதையில் முழங்கால் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அந்த உதை தப்பு. உதை இடுப்பிலிருந்து கிளம்ப வேண்டும். வானத்தில் பறவையையும் கண்ணின் கீழ்க்கோடியில் என் முழங்காலையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நான் அந்தக் குளத்தைக் கடந்த காலைகள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

பலகை பிடித்து உதைக்க அவர் விடவில்லை. மற்ற ஸ்ட்ரோக்குகளுக்குப் பலகை கொடுப்பவர், பட்டர்ஃப்ளைக்கு மட்டும் அதை எடுத்து வைத்துவிடுவார். பலகையைப் பிடித்தால் நெஞ்சு மேலேயே நின்றுவிடும். நெஞ்சு இறங்காவிட்டால் இடுப்பு எழும்பாது. இதை இன்று பல குளங்களில் கவனிப்பதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். குழந்தைகள் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு முழங்காலால் தண்ணீரைக் குத்துகிறார்கள். அதுதான் பட்டர்ஃப்ளைக்கு வேண்டிய டால்ஃபின் உதை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது ஆழப் பக்கத்தில் நின்றுகொண்டு உதைப்பதுதான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முகவாய் தண்ணீருக்கு மேல் இருக்கும்படி, செங்குத்தாக மிதந்து உதைக்க வேண்டும். சார் விசில் ஊதும் வரை நிறுத்தக் கூடாது. அவர் எதற்காக அதைச் செய்யச் சொல்கிறார் என்று எனக்கு வெகு நாட்கள் புரியவில்லை. நாங்கள் எல்லோரும் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். அதை அவர் சுட்டிக்காட்டினார். முன்பக்கமாக மட்டும் உதைத்தால் உடம்பு பின்னால் தள்ளப்படும். பின்பக்கமாக இழுப்பதும் உதைதான். அதை மறந்துவிட்டீர்கள் என்றார். படுத்து நீந்தும்போது பாதி உதை வீணாவது கண்ணுக்குத் தெரியாது. நின்று உதைத்தால் உடனே தெரிந்துவிடும். முன்னும் பின்னும் சம பலத்தோடு உதைத்தவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அண்ணன் அதில் சீக்கிரம் தேறிவிட்டான். எனக்குத் தொடையின் பின்பக்கம் வலித்துக்கொண்டே இருந்தது. அப்பாயி நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துவிடுவார்.

அந்த ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் வந்தது. நேர வித்தியாசத்தால் நீச்சல் இறுதிப் போட்டிகள் எங்களுக்கு விடியற்காலையில் நடந்தன. மைசூரில் அது தூறல் மாதம். போர்வையைப் போர்த்திக்கொண்டு தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்தோம். ரஷ்யாவின் டெனிஸ் பங்க்ராத்தோவ் 100 மீட்டர் பட்டர்ஃப்ளைக்குக் குதித்தார். குதித்தவர் வெளியே வரவே இல்லை. மற்றவர்கள் எல்லாம் கைகளை வீசத் தொடங்கிவிட்டார்கள். அவர் ஏறக்குறைய பாதிக் குளம் வரை தண்ணீருக்கு அடியிலேயே, கைகளை முன்னால் பூட்டியபடி, நெஞ்சும் இடுப்பும் காலுமாகப் போய்க்கொண்டிருந்தார். மேலே வந்தபோது முன்னால் இருந்தார். 52.27 வினாடி, உலக சாதனை. 200 மீட்டரிலும் அவருக்கே தங்கம். "கை பேட" என்று அண்ணன் சாரின் குரலில் சொன்னான். சாரின் பேச்சுக்கு உலகத்தின் மறு கோடியில் சாட்சி கிடைத்துவிட்டதென்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், தண்ணீருக்கு அடியில் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று பட்டர்ஃப்ளைக்கும் விதி வந்துவிட்டது. ஆனால் அந்த 15 மீட்டரில்தான் இன்றும் பெரிய போட்டிகளின் பாதி முடிவு எழுதப்படுகிறது.

ஆகஸ்டில்தான் கைகள் அவிழ்ந்தன. அதுவும் ஒரு கைதான். இடது கை முன்னால் நீட்டியபடி அசையாமல் இருக்க, வலது கை மட்டும் இழுத்து, வெளியே வந்து, சுற்றி முன்னால் விழ வேண்டும். ஒரு கை இழுப்புக்கு இரண்டு உதை. கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று. இழுத்து முடித்துத் தொடையருகே வெளியேறும்போது மற்றொன்று. கணக்கு எளிது. உடம்புக்கு அது ஏறவில்லை. கையை நினைத்தால் உதை தவறியது. உதையை எண்ணினால் கை நின்றது. இரண்டாவது உதையை நான் எப்போதும் தாமதமாகக் கொடுத்தேன். கை வெளியே வந்த பிறகு உதைத்துப் பயனில்லை. அதற்குள் இடுப்பு இறங்கியிருக்கும்.

வீட்டில் ஒரு நாள் கூடத்தில் குனிந்து நின்று இந்தக் கையை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஊஞ்சல எப்ப உந்துவ? திரும்பற நேரத்துல தானே? அப்படி உதை" என்றார். பட்டர்ஃப்ளை என்ற பேரையே அவர் அதுவரை கேட்டதில்லை. மறுநாள் காலையில் தண்ணீருக்குள் நான் எண்ணுவதை விட்டேன். கை முன்னால் விழுந்து நெஞ்சு இறங்குகிற அந்தத் திருப்பத்தில் ஒரு உதை, கை பின்னால் போய் விடுபடுகிற அந்தத் திருப்பத்தில் ஒரு உதை. உடனே வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பிறகு வலது கை இரண்டு, இடது கை இரண்டு, இரண்டும் சேர்ந்து இரண்டு என்று மாறி மாறிச் செய்யச் சொன்னார். ஒற்றைக் கையில் பழகிய நேரத்தை இரட்டைக் கைக்குக் கொண்டுபோகத்தான் இது. ஒற்றைக் கையில் மூச்சைப் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளலாம். இரட்டைக் கை வந்ததும் முன்னால் பார்த்து எடுக்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலோர் கெடுகிறார்கள். மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிறார்கள்; தலை எழுந்தால் இடுப்பு இறங்கிவிடும்; இடுப்பு இறங்கினால் கைகள் தண்ணீரை விட்டு வெளியே வராது. முகவாய் தண்ணீரை உரசிக்கொண்டே போக வேண்டும். கைகள் முன்னால் வந்து விழுவதற்குள் முகம் உள்ளே போய்விட வேண்டும். சார் ஈரச் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து விரலால் தண்ணீரைத் தொட்டு எல்லாவற்றையும் வரைந்து காட்டுவார். கைகள் தண்ணீருக்குள் போகிற பாதையைச் சாவித் துவாரத்தின் வடிவத்தில் வரைவார். வெளியே விரித்து, நெஞ்சுக்கு அடியில் நெருக்கி, மறுபடி தொடைப் பக்கமாக விரிப்பது. வெயிலில் அந்தக் கோடு காய்ந்து மறைவதற்குள் நாங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பயிற்சியும் கொடுத்தார். கைகள் பட்டர்ஃப்ளை, கால்கள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் தவளை உதை. நாங்கள் அதை விளையாட்டாகச் செய்தோம். அது ஒரு காலத்தில் உலகப் போட்டிகளில் நீந்திய முறையே என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்தபோது சாரின் மேல் மதிப்பு இன்னும் கூடியது. 1930-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளர், பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கைகளைத் தண்ணீருக்கு அடியில் முன்னால் கொண்டுவருவதால் வேகம் குறைகிறது என்று கண்டு, அவற்றைத் தண்ணீருக்கு மேலாக வீசும் முறையை 1934-இல் செப்பனிட்டார். மறு ஆண்டு அவருடைய மாணவர் ஜாக் சீக், ஒருக்களித்துப் படுத்து இரு கால்களையும் சேர்த்து மீனைப் பார்த்து உதைத்துப் பழகினார். கை தனியாகப் பிறந்தது, கால் தனியாகப் பிறந்தது. பிறகு இரண்டையும் இணைத்தார்கள். அந்த உதை அன்றைய பிரெஸ்ட் ஸ்ட்ரோக் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் பல ஆண்டுகள் வீரர்கள் பட்டர்ஃப்ளைக் கையும் தவளைக் காலுமாகப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பந்தயங்களில் நீந்தினார்கள். 1952-க்குப் பிறகு பட்டர்ஃப்ளை தனி ஸ்ட்ரோக்காகப் பிரிக்கப்பட்டது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக அதற்குத் தனிப் பதக்கம் கொடுத்தார்கள். ஆண்கள் 200 மீட்டரில் வில்லியம் யார்ஸிக், பெண்கள் 100 மீட்டரில் ஷெல்லி மான். துண்டு துண்டாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றைத் துண்டு துண்டாகத்தான் கற்க முடியும் என்று நான் நம்புகிறேன். மைசூரில் எங்கள் சார் செய்ததும் அதைத்தான். வரிசையை மட்டும் மாற்றிக் காலை முதலில் வைத்தார்.

தசரா விடுமுறைக்குப் பிறகு, நவம்பர் குளிரில், ஒரு காலை. மைசூர் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். நவம்பரில் திறந்தவெளிக் குளத்தில் இறங்கும் முதல் நொடியில் மூச்சு நின்று வரும். தண்ணீரின் மேல் ஆவி படர்ந்திருந்தது. சார் எங்களை ஒவ்வொருவராக அழைத்து, "நாலு கை. அதுக்கு மேல வேண்டாம்" என்றார். சுவரை உதைத்துத் தண்ணீருக்கு அடியில் போனேன். நெஞ்சு, இடுப்பு, கால். மேலே வரும் நேரத்தில் கைகள் விரிந்தன. இரண்டாவது உதையோடு தோள் தண்ணீரை விட்டு எழுந்தது. கைகளை நான் தூக்கவில்லை. அவை தாமாகவே வெளியே வந்து தாழ்வாகப் பறந்து முன்னால் போயின. அதில் பலம் எதுவும் செலவாகவில்லை என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. இரண்டாவது கையில் மூச்சு எடுத்தேன். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதற்கு உடம்பு தயாராக இருந்தது, நான் நிறுத்தினேன். கரையில் இருந்து "ஸாகு" என்ற குரல் கேட்டது. போதும்.

சரியாக வரும்போதே ஏன் நிறுத்தச் சொல்கிறார் என்று அண்ணன் கேட்டான். கெட்டுப்போன பிறகு நீந்துகிற ஒவ்வொரு கையையும் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால்தான் என்றார். மற்ற ஸ்ட்ரோக்குகளில் ஒரு கை வெளியே வரும்போது மற்றொரு கை இழுத்துக்கொண்டிருக்கும், அல்லது கைகள் தண்ணீருக்குள் தங்கியிருக்கும். பட்டர்ஃப்ளையில் இரண்டு கைகளும் ஒன்றாகக் காற்றில் இருக்கிற நேரத்தில் உடம்பைத் தாங்க உதையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. களைத்ததும் முதலில் தளர்வது அந்த உதை. அதன் பிறகு தோள் மட்டும் மல்லுக்கட்டும். பத்து வயதுத் தோளுக்கு அந்தச் சுமை ஆகாது. ஆகவே நாலு கை, பிறகு மறுபடி ஒற்றைக் கைப் பயிற்சி. பிறகு ஆறு கை. பிறகு அரைக் குளம். ஒரு முழு நீளத்தை நிறுத்தாமல் நீந்த அவர் எங்களை அனுமதிக்கும்போது மறு கோடை வந்துவிட்டது.

குளத்திலிருந்து திரும்பும் வழியில் ஐயங்கார் பேக்கரியில் காரா பன் வாங்கிக் கொடுப்பார் அப்பா. பச்சை மிளகாயும் வெங்காயமும் வேகவைத்த மணம், தலைமுடியில் குளோரின் வாடை, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய வட்டம். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டே, தோள்பட்டையைச் சுழற்றிப் பார்த்துக்கொள்வேன். வலிக்காது. அந்த வயதில் அதன் அருமை தெரியவில்லை. இன்று தோள்வலியோடு வருகிற நீச்சல் சிறுவர்களைப் பார்க்கும்போது தெரிகிறது.

நான் மாவட்டப் போட்டிகள் வரை நீந்தினேன். 2000-இல் பெங்களூரின் நிஷா மில்லெட் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கியபோது, எங்கள் குளத்துப் பெண் பிள்ளைகள் எல்லோரும் அவரை எங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தோம். அடுத்து எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, காலை வகுப்பு நின்றது. அண்ணன் மட்டும் கல்லூரி வரை தொடர்ந்தான். நீச்சல் என் வாழ்க்கைத் தொழிலாகவில்லை. ஆனால் தண்ணீருக்குள் இறங்கினால் இன்றும் நான் முதலில் செய்வது நெஞ்சை அழுத்துவதுதான்.

2021 ஜூன் மாதம் ரோம் நகரில் நடந்த போட்டியில் சாஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தினார். ஒலிம்பிக்கின் ஏ தகுதி நேரத்தை எட்டி நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். கேரளத்தின் இடுக்கியில் பிறந்தவர், அம்மாவுக்கு என்.எல்.சி-யில் வேலை என்பதால் வளர்ந்ததும் நீந்தத் தொடங்கியதும் நெய்வேலியில். பிறகு பெங்களூர் பசவனகுடியில் பயிற்சி பெற்றார். நடுவில் கழுத்தில் ஏற்பட்ட காயத்தால் கையை உயர்த்தவே சிரமப்பட்டு, அதிலிருந்து மீண்டு வந்து அந்த நேரத்தைத் தொட்டவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று, 1986-இன் துண்டுக்குப் பக்கத்தில் சாரின் ஃபைலில் ஒட்ட வேண்டிய துண்டு இது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டுமே 200 மீட்டர் பட்டர்ஃப்ளை.

சார் சொன்னவற்றில் இன்று மாறியிருப்பது, நான் அறிந்தவரை, அந்தச் சாவித் துவாரப் பாதை ஒன்றுதான். இப்போதைய பயிற்சியாளர்கள் கைகளை அவ்வளவு வளைக்கச் சொல்வதில்லை. தோள் அகலத்தில் நுழைந்து, தண்ணீரைப் பிடித்து, கூடுமானவரை நேராகப் பின்னால் தள்ளச் சொல்கிறார்கள். அது சரி என்றே எனக்கும் படுகிறது. மற்றபடி நெஞ்சை அழுத்துவது, மல்லாந்த உதை, செங்குத்து உதை, ஒற்றைக் கை, சரியாக இருக்கும்போதே நிறுத்துவது எல்லாம் உலகத்தின் பெரிய குளங்களில் இன்றும் நடக்கிற பயிற்சிகள். அவற்றை ஒரு தமிழ்க் குழந்தைக்கு மைசூரில் ஒருவர் மூங்கில் கழியை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

இந்த ஏப்ரலிலும் குளங்களின் வாசல்களில் கூட்டம் இருக்கும். பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டர்ஃப்ளை எப்போது வரும் என்று பயிற்சியாளரை நெருக்காதீர்கள். கோடைப் பயிற்சி முடிவதற்குள் முழு நீளம் நீந்திக் காட்ட வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் குழந்தையைக் கைகளை அசைக்க விடாமல் வாரக்கணக்கில் நெஞ்சையும் இடுப்பையும் மட்டும் பழக்குகிற பயிற்சியாளர் யாராவது கிடைத்தால், அவரிடமே அந்தக் குழந்தையை விட்டுவையுங்கள்.